இன்னொரு பஞ்சரத்தினம்

பஞ்சரத்தினம் என்று மயிலாப்பூரில் யாரிடம் சொன்னாலும் தியாகராஜ சுவாமிகளின் ஐந்து கிருதிகள்தான் நினைவுக்கு வரும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ராகங்களை வரிசையாகச் சொல்லத் தெரியாதவர்கூடத் திருவையாற்றில் எல்லோரும் உட்கார்ந்து சேர்ந்து பாடுவதை டி.வி.யில் பார்த்திருப்பார். நான் இங்கே எழுதப்போகும் பஞ்சரத்தினம் ஓர் ஆள். எஸ். பஞ்சரத்தினம். 1934-ல் பிறந்து 1969-ல், 35 வயதில் போய்விட்டவர். சர் சி.வி. ராமனுக்கு மருமான், அதாவது சகோதரி மகன். உலோகத் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோலம் போட்டு, அதன் மேல் விழும் ஒளியை விரைவாகப் போ, மெதுவாகப் போ, இந்தப் பக்கம் திரும்பு என்று கட்டளையிடும் வித்தை இன்று பல நாட்டு ஆராய்ச்சிக்கூடங்களில் நடக்கிறது. அந்த வித்தையில் இவருடைய பெயர் தினம் உச்சரிக்கப்படுகிறது. நம் ஊரில்தான் தெரியவில்லை.

நான் விஞ்ஞானம் கற்றுத் தேர்ந்தவன் அல்ல. குமாஸ்தாவாகச் சேர்ந்து கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். ஆனால் பள்ளிக்கூடம் புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அதனால் ஒளியைப் பற்றிய பாடம் முழுக்க எங்களுக்குப் பிரெஞ்சுக்காரர்களின் கதையாகவே வந்து சேர்ந்தது. ஃபிஸோ, ஃபூக்கோ, ஃப்ரெனெல், புவான்காரே. (சென்னைக்கு வந்த பிறகு ஒரு நண்பர் ‘பிரெஸ்னல்’ என்று சொன்னபோது அது வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.) அந்தப் பழைய பாடம் இப்போது எனக்கு உதவுகிறது, ஏனென்றால் இந்தக் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

‘ஒளியின் வேகம் மாறவே மாறாது என்று ஐன்ஸ்டைன் சொல்லியிருக்கிறாரே, அதை எப்படிக் கூட்டிக் குறைப்பது?’ என்று சிலர் கேட்பார்கள். மாறாதது வெற்றிடத்தில் உள்ள வேகம். விநாடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர். 1983 முதல் மீட்டர் என்ற அளவையே இந்த எண்ணை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள். ஆனால் ஒளி ஒரு பொருளுக்குள் நுழைந்தால் மெதுவாகிவிடும். சாதாரணக் கண்ணாடிக்குள் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான்.

இந்த வேகத்தைப் பூமியிலேயே முதலில் அளந்தவர் ஃபிஸோ. 1849-ல் பாரிஸுக்கு வெளியே சுரேனில் 720 பற்கள் கொண்ட ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, பற்களின் இடுக்கு வழியாக ஒளியை அனுப்பினார். அது 8 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் மோன்மார்த்ர் குன்றில் இருந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தது. திரும்பி வருவதற்குள் சக்கரம் ஒரு பல் நகர்ந்திருந்தால் ஒளி மறைந்துவிடும். அந்தச் சுழற்சி வேகத்திலிருந்து ஒளியின் வேகத்தைக் கணக்கிட்டார். இன்றைய மதிப்பைவிட ஐந்து சதவீதம் போலத்தான் அதிகமாக வந்தது. அடுத்த வருடமே ஃபூக்கோ சுழலும் கண்ணாடியை வைத்து, தண்ணீருக்குள் ஒளி காற்றில் போவதைவிட மெதுவாகப் போகிறது என்று காட்டினார். ஒளி துகள்தான் என்றால் தண்ணீரில் வேகம் கூட வேண்டும். கூடவில்லை, குறைந்தது. அத்தோடு ஒளி அலை என்ற கட்சி வென்றது.

இந்த மெதுவாகும் குணத்தை வைத்துத்தான் நம் மூக்குக்கண்ணாடி வேலை செய்கிறது. பூதக்கண்ணாடி நடுவில் தடிமன், ஓரத்தில் மெலிவு. நடுவே போகும் ஒளிக்குப் பாதை குறைவு, ஆனால் தடித்த கண்ணாடிக்குள் அதிக நேரம் தங்க வேண்டும். ஓரமாகப் போகும் ஒளிக்குப் பாதை நீளம், ஆனால் கண்ணாடிக்குள் தங்குவது கொஞ்சம்தான். கடைசியில் எல்லாம் ஒரே புள்ளிக்கு ஒரே சமயத்தில் வந்து சேர்கின்றன. ஆக, லென்ஸ் என்பது எந்த இடத்தில் எவ்வளவு தாமதம் என்று அளந்து கொடுக்கும் ஒரு சாதனம். தாமதத்தைப் பற்றி ஓர் அரசு ஊழியனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தாமதத்துக்குத் தடிமன் வேண்டும் என்ற கட்டாயத்தைக் கொஞ்சம் தளர்த்தியவர் ஃப்ரெனெல். கலங்கரை விளக்கத்துக்குப் பெரிய லென்ஸ் செய்தால் கண்ணாடி எடை தாங்காது. வளைவு மட்டும் போதும், உள்ளே இருக்கும் வெறும் தடிமன் வேண்டாம் என்று வளையம் வளையமாகச் செதுக்கிவிட்டார். 1823-ல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது ஏறியது. பொருளின் பருமனைக் குறைத்து, மேற்பரப்பின் வடிவத்தை வைத்து வேலை வாங்குவது என்ற யோசனைக்கு அது ஒரு நல்ல ஆரம்பம்.

இனி உலோகத்துக்கு வருகிறேன். உலோகம் ஒளியைத் திருப்பி அடித்துவிடும், உள்ளே விடாது. ஆனால் அதன் மேல் கோடுகள் கீறினால் கதை மாறுகிறது. இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் நம் நாட்டு ஜகதீஷ் சந்திர போஸ் முன்வரிசையில் இருக்கிறார். 1895-ல் கல்கத்தாவில் கம்பியில்லாமல் மின்காந்த அலையை அனுப்பிக் காட்டிய அதே போஸ். அவருடைய அலைகளின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில் இருந்ததால், இன்று நானோமீட்டரில் செய்வதை அவர் கையாலேயே செய்ய முடிந்தது. அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்று பிரித்துப் பார்க்க அவர் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புத்தகம்! பக்கங்களுக்கு இடையே ஈயத்தகடு வைத்துவிட்டால் தகடு, காகிதம், தகடு, காகிதம் என்று அடுக்காகி ஒரு திசையில் அதிரும் அலையை மட்டும் விடும். 1898-ல் சணலை முறுக்கி வரிசையாக வைத்து, அதன் வழியே செல்லும் அலையின் அதிர்வுத் திசை திரும்புகிறது என்று லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார். சணலுக்கு அந்தச் சக்தி இல்லை. முறுக்குக்குத்தான் இருக்கிறது. பொருள் முக்கியமில்லை, அமைப்புதான் முக்கியம் என்பதை இதைவிட மலிவாக யாரும் நிரூபித்ததில்லை.

1902-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வுட் என்பவர் உலோகக் கீற்றணி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். கீற்றணி என்றால் பளபளப்பான உலோகத்தில் அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான கோடுகளை வைர ஊசியால் கீறியது. அக்காலத்தில் அதற்குச் செம்பும் வெள்ளீயமும் கலந்த ஒரு கலவையைப் பயன்படுத்தினார்கள். கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடி இருக்கிறதே, அந்த ஜாதிதான். ஒளியை வானவில்லாகப் பிரிப்பது அதன் வேலை. உங்கள் வீட்டு எம்.எஸ். குறுந்தகட்டைச் சாய்த்தால் நிறம் தெரிகிறதல்லவா, அதுவும் கீற்றணிதான். அலுமினியப் பூச்சின் கீழ் 1.6 மைக்ரான் இடைவெளியில் சுற்றிச் சுற்றி ஓடும் தடம். வுட் பார்த்த வானவில்லில் நடுநடுவே காரணமில்லாமல் சில இடங்கள் சட்டென்று இருண்டும் சட்டென்று பளிச்சிட்டும் இருந்தன. நிறம் மயிரிழை மாறினாலும் பிரகாசம் தலைகீழாக மாறியது. அதிர்வுத் திசையைத் திருப்பினால் அந்தக் கோலாகலம் மறைந்தது. அவருக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

வுட் லேசுப்பட்ட ஆசாமி அல்ல. 1904-ல் பிரான்சின் நான்சி நகரத்துக்குப் போய், ப்ளோந்லோ என்ற பேராசிரியர் கண்டுபிடித்ததாகச் சொன்ன ‘என் கதிர்’ என்பதே கிடையாது என்று நிரூபித்தவர். இருட்டில் கருவியிலிருந்த முப்பட்டகத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். எடுத்த பிறகும் பேராசிரியருக்குக் கதிர் ‘தெரிந்தது’. எங்கள் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் இந்தச் சம்பவம் இல்லை! அப்படிப்பட்டவர் தன் கண்ணால் பார்த்த ஒன்றுக்கு விளக்கமில்லை என்று ஒப்புக்கொண்டால், அதில் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

1907-ல் ராலே பிரபு ஒரு பாதி விளக்கம் கொடுத்தார். பிரிந்து போகும் ஒளியில் ஒரு பகுதி உலோகப் பரப்பை ஒட்டி உரசிக்கொண்டு ஓடும் நிலை வரும்போது இப்படி ஆகிறது என்றார். ஏறக்குறைய அதே சமயம், நம் கடற்கரைச் சாலை மாநிலக் கல்லூரியில் 18 வயது மாணவர் ஒருவர் முப்பட்டகத்தின் மேல் ஒளியைச் சாய்வாக விழவிட்டுப் பட்டைகள் இரு பக்கமும் சமமாக விழவில்லையே என்று யோசித்து எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் லண்டன் ‘ஃபிலசாபிக்கல் மேகசீன்’ இதழில் வந்தது. அவர்தான் ராமன். அடுத்த வருடம் அவர் நிதி இலாகாவில் உத்தியோகத்துக்குப் போய்விட்டார். பத்து வருடம் பகலில் சர்க்கார் கணக்கு, காலையிலும் மாலையிலும் கல்கத்தா பௌபஜார் தெரு ஆராய்ச்சிக்கூடம். நான் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது மாநிலக் கல்லூரிக் கட்டடத்தைத் தாண்டிப்போகும் நாட்களில் எல்லாம் எனக்கு நோபல் பரிசு ராமனைவிட அசிஸ்டென்ட் அக்கவுண்டன்ட் ஜெனரல் ராமன்தான் நெருக்கமாகத் தோன்றுவார்.

வுட் பார்த்த புதிரின் மீதிப் பாதி 1941-ல் ஊகோ ஃபானோ எழுதிய பிறகே தெளிந்தது. உலோகத்தில் சுதந்திரமாகத் திரியும் மின்னணுக்கள் ஒரு குளத்து நீர் போல. ஒளி விழும்போது அந்த நீர்ப்பரப்பில் அலை எழுகிறது. ஒளியும் மின்னணுக்களும் கை கோத்துக்கொண்டு பரப்பை ஒட்டியே ஓடும் அலை. இதற்குப் பிற்பாடு பரப்புப் பிளாஸ்மான் என்று பெயர் வந்தது. வழவழப்பான உலோகத்தில் ஒளி இந்த அலையாக மாறாது. கோடு கீறிய உலோகத்தில் மாறும். அதனால்தான் சில நிறங்கள் வானவில்லிலிருந்து காணாமல் போயின. காணாமல் போகவில்லை, தகட்டின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தன.

அந்த அலையின் வேகத்தைக் கோடுகளின் ஆழத்தாலும் இடைவெளியாலும் தீர்மானிக்கலாம். எப்படி என்பதற்கு நம் கபாலி கோயில் உற்சவத்தையே சொல்கிறேன். சுவாமி மாட வீதியில் புறப்பட்டால் நேராகப் போய்விடுவாரா? ஒவ்வொரு மண்டகப்படியிலும் நிற்க வேண்டும், தீபாராதனை நடக்க வேண்டும், பிறகு கிளம்ப வேண்டும். தூக்குபவர்களின் நடை வேகம் மாறவில்லை, ஆனால் ஊர்வலத்தின் வேகம் மண்டகப்படிகளின் எண்ணிக்கையையும் அங்கே நிற்கும் நேரத்தையும் பொறுத்தது. உலோகத்தில் கீறிய ஒவ்வொரு பள்ளமும் ஒரு மண்டகப்படி. அலை பள்ளத்துக்குள் இறங்கி அடியைத் தொட்டு ஏறி வந்து அடுத்ததுக்குப் போகிறது. பள்ளம் ஆழமானால் தாமதம் அதிகம். ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் ஒரு குறிப்பிட்ட நிறம் நகரவே முடியாத நிலைக்கு வந்துவிடும். நீலம் ஆழம் குறைந்த பள்ளத்திலேயே சிக்கும், சிவப்பு இன்னும் ஆழமான பள்ளம் வரை போகும். அப்படியானால் பள்ளங்களைப் படிப்படியாக ஆழப்படுத்திக்கொண்டே போனால்? ஒவ்வொரு நிறமும் அதனதன் இடத்தில் நின்றுவிடும். 2011-ல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தார் வெள்ளியில் இப்படிச் செதுக்கிக் காட்டினார்கள். வானவில்லைப் பொறி வைத்துப் பிடித்தது என்று இதைச் சொல்கிறார்கள்.

ஒளியை இதைவிட அதிகமாக மெதுவாக்கியதும் உண்டு. 1999-ல் ஹார்வர்டில் லேனா ஹாவ் என்ற பெண்மணி, ஏறக்குறைய முழுச்சுழிக் குளிரில் வைத்த சோடியம் அணுக்களின் மேகத்துக்குள் ஒளியை விநாடிக்கு 17 மீட்டருக்குக் கொண்டுவந்தார். அதாவது மணிக்கு சுமார் 61 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் நம் மாநகரப் பேருந்து முந்திவிடும். ஆனால் அதற்குப் பெரிய குளிர்சாதன அமைப்பு வேண்டும். கோலம் போட்ட உலோகத்துக்கு அது வேண்டாம், சாதாரண அறை போதும். அதுதான் அதன் கவர்ச்சி. பலவீனமும் உண்டு. தி. நகர் நகைக்கடையில் போல இங்கேயும் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் சேதாரம் உண்டு. ஒளி உலோகத்தின் மேல் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு அதில் ஒரு பங்கு சூடாக மாறிக் கழிந்துவிடும்.

இதுவரை சொன்னது ஒளியை நடக்க வைத்துத் தாமதப்படுத்தும் வழி. இன்னொரு வழி இருக்கிறது, நடக்காமலேயே தாமதப்படுத்துவது. அதுதான் பஞ்சரத்தினத்தினுடையது.

அவர் குடும்பத்தைப் பற்றி மயிலாப்பூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவருடைய பெரிய மாமா, ராமனின் அண்ணன், சி. சுப்பிரமணிய ஐயர். ரயில்வே கணக்கு இலாகா அதிகாரி. வயலின் வாசிப்பார், சங்கீதத்தைப் பற்றி எழுதவும் செய்தார். எட்வர்ட் எலியட்ஸ் ரோடில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், ‘சந்திர விலாஸ்’ அவர் கட்டிய வீடு. 1983-ல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் அவருடைய மகன். ஆக, பஞ்சரத்தினத்துக்கு ஒரு நோபல் மாமா, ஒரு நோபல் அம்மாஞ்சி. திரவப் படிகங்களில் உலகப் புகழ் பெற்ற இன்னொரு எஸ். சந்திரசேகர் அவருடைய அண்ணன். (இரண்டு சந்திரசேகரையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத பத்திரிகை குறைவு.)

பஞ்சரத்தினம் பெங்களூரில் மாமாவின் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். ஒளியை விழுங்கும் தன்மையுள்ள படிகங்களுக்குள் அது எப்படிப் போகிறது என்பதில் வேலை. அதிலிருந்து ஒரு கேள்வி எழுந்தது. வெவ்வேறு விதமாக அதிரும் இரண்டு ஒளிக்கற்றைகள், ஒன்று நேர்கோட்டில், இன்னொன்று வட்டமாக அதிர்கிறது என்று வையுங்கள், ஒன்றோடொன்று தாளம் சேர்ந்திருக்கின்றனவா என்று எதை வைத்துச் சொல்வது? அவர் ஒரு விதி வைத்தார். இரண்டையும் சேர்த்தால் எப்போது அதிகபட்சப் பிரகாசம் வருகிறதோ அப்போது தாளம் சேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். எளிய விதி. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஓர் அதிசயம் வருகிறது. முதலாவதும் இரண்டாவதும் தாளம் சேர்கின்றன, இரண்டாவதும் மூன்றாவதும் சேர்கின்றன. ஆனால் மூன்றாவதும் முதலாவதும் சேரவில்லை. மூன்று அறைகளில் மூன்று கடிகாரம். ஒன்றைப் பார்த்து இரண்டையும், இரண்டைப் பார்த்து மூன்றையும் திருத்திவிட்டு, மூன்றைக் கொண்டுபோய் ஒன்றோடு ஒப்பிட்டால் பத்து நிமிடம் வித்தியாசம் என்றால் எப்படி இருக்கும்?

அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் எங்கள் புவான்காரேயைத் துணைக்கு அழைத்தார். 1892-ல் புவான்காரே, ஒளி அதிரக்கூடிய எல்லா விதங்களையும் ஒரு கோளத்தின் மேல் புள்ளிகளாக வைக்கலாம் என்று காட்டியிருந்தார். வட்டமாக அதிர்வன துருவங்களில், நேர்கோட்டில் அதிர்வன நடுக்கோட்டில், மற்றவை இடையில். நம் மூன்று கற்றைகளும் அந்தக் கோளத்தில் மூன்று புள்ளிகள். அவற்றைச் சேர்த்தால் ஒரு முக்கோணம். அந்த முக்கோணம் கோளத்தின் மையத்தில் அடைக்கும் கோணத்தில் சரிபாதிதான் அந்த வித்தியாசம் என்று நிறுவினார்.

நம்பக் கடினமாக இருந்தால் ஒரு வேலைக் கையில் எடுத்துக்கொண்டு வட துருவத்தில் நில்லுங்கள். வேல் முனை சென்னை இருக்கும் திசையைப் பார்க்கட்டும். அப்படியே நேராக நடந்து பூமத்திய ரேகைக்கு வாருங்கள். இப்போது வேலைத் திருப்பாமல், முனை தெற்கு நோக்கியே இருக்க, பூமியின் சுற்றில் கால் பங்கு கிழக்கே பக்கவாட்டில் நகருங்கள். பிறகு வேலைத் திருப்பாமலே பின்னோக்கி நடந்து வட துருவத்துக்குப் போங்கள். ஓர் இடத்திலும் நீங்கள் வேலைத் திருப்பவில்லை. ஆனால் அது புறப்பட்டபோது காட்டிய திசையிலிருந்து 90 பாகை திரும்பியிருக்கும். சுற்றி வந்த பாதையே திருப்பிவிட்டது. நான்கு மாட வீதியைச் சுற்றினால் இப்படி ஆகாது, ஏனென்றால் தெரு தட்டை. கோளத்தில் சுற்றினால்தான் ஆகும்.

இதை எழுதியபோது பஞ்சரத்தினத்துக்கு வயது 22. கட்டுரை 1956-ல் இந்திய அறிவியல் கழகத்தின் ‘புரொசீடிங்ஸ்’ இதழில், 44-ஆம் தொகுதியில் வந்தது. அந்தக் கழகத்தை ராமன் தொடங்கியது 1934-ல், பஞ்சரத்தினம் பிறந்த அதே வருடம். நம் நாட்டில் நடக்கும் வேலை நம் நாட்டு இதழில்தான் வரவேண்டும் என்பது ராமனின் கொள்கை. ராமன் விளைவே 1928-ல் கல்கத்தாவின் ‘இண்டியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்’ இதழில்தான் வந்தது.

அதன் பிறகு முப்பது வருட மௌனம்.

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு முடிந்தால் அதற்கு ஒரு முத்திரை உண்டு. ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாகப் பதிவறையில் வைக்க வேண்டியது. அழிக்கமாட்டார்கள், ஆனால் யாரும் கேட்காதவரை எடுக்கவும் மாட்டார்கள். பஞ்சரத்தினத்தின் கட்டுரைக்கு நடந்தது அதுதான். 1960 ஜனவரியில் நீல்ஸ் போரே லஸ் சர்ச் ரோடு ‘ஏகாம்ர நிவாஸ்’ வீட்டுக்கு வந்து அல்லாடி ராமகிருஷ்ணனின் மாணவர்களோடு பேசியதை மயிலாப்பூரில் இன்னும் பெருமையாகச் சொல்வோம். அந்தச் சமயத்தில் பெங்களூரில் அச்சான இந்தப் பக்கங்கள் அலமாரியில் இருந்தன. பஞ்சரத்தினம் மைசூரில் சில காலம் கற்பித்துவிட்டு, 1964-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். அங்கே ஜார்ஜ் சீரிஸ் என்பவரோடு வேறு துறையில், அணுக்களும் ஒளியும் பற்றிய வேலை. 1969 மே மாதம் அங்கேயே காலமானார். ராமன் மறைந்தது அதற்கு ஒன்றரை வருடம் கழித்து, 1970 நவம்பரில். மாமா பார்க்கக்கூடாத சாவு.

1984-ல் பிரிஸ்டலில் மைக்கேல் பெரி என்ற இயற்பியலார், துகள்களின் குவாண்டம் கணக்கில் இதே போன்ற ஒன்றைக் கண்டு எழுதினார். சுற்றி வந்த பாதையின் நினைவு துகளில் தங்குகிறது என்பதுதான் சாரம். அது பெரிய பரபரப்பை உண்டாக்கியது, பெரியின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. அப்போது பெங்களூரில் இரண்டு பேருக்கு, இது நம் வீட்டு அலமாரியில் இருக்கிறதே என்று தோன்றியது. ஒருவர் எஸ். ராமசேஷன், அவரும் ராமனுக்கு மருமான் முறை. மற்றவர் ராஜாராம் நித்யானந்தா. 1986-ல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். மறு வருடம் பெங்களூருக்கு வந்த பெரி அந்த 1956 கட்டுரையைப் படித்தார். படித்ததோடு நிற்காமல், 1987-ல் பஞ்சரத்தினத்தின் பெயரைத் தலைப்பிலேயே போட்டு ஒரு கட்டுரை வெளியிட்டு, தனக்கு 28 வருடம் முன்பே இது செய்யப்பட்டுவிட்டது என்று உலகத்துக்குச் சொன்னார். அன்றிலிருந்து அது பஞ்சரத்தினம்–பெரி கட்டம்.

இதைச் சொன்னால் உடனே ‘வெள்ளைக்காரன் நம் சொத்தை மறைத்துவிட்டான்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி கிளம்பும். எனக்கு அதில் சம்மதம் இல்லை. மறைத்தவர் யாரும் இல்லை. அந்த இதழ் நம் கல்லூரி நூலகங்களில்தான் அடுக்கியிருந்தது. படிக்க வேண்டியவர்கள் நாம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதே இடத்துக்குத் தனியாக வந்து சேர்ந்த பிறகுதான் நமக்கே எடுத்துப் பார்க்கத் தோன்றியது. பெரி நடந்துகொண்ட விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ராமனின் கொள்கை தவறு, லண்டனுக்கே அனுப்பியிருக்கலாம் என்று சொல்வாரும் உண்டு. அதுவும் எனக்கு ஒப்பில்லை. 1928-ல் ராமன் நம் இதழில் போட்டதோடு விட்டுவிடவில்லை. மறுபிரதிகளை அச்சடித்து உலகெங்கும் தபாலில் அனுப்பினார். இதழ் சரி, தபால்தான் முக்கியம். பஞ்சரத்தினத்தின் கட்டுரைக்கு அப்படி ஓர் ஊர்வலம் கிடைக்கவில்லை. இளம் ஆராய்ச்சியாளர், அமைதியான மனிதர், போதாததற்கு அற்பாயுசு.

கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரன் இந்தக் கதைக்குப் பக்கத்து வீட்டுக்காரர். கொலாஜன் புகழ் ராமச்சந்திரன்தான். அவரும் ராமசேஷனும் சேர்ந்து படிக ஒளியியலைப் பற்றி 1961-ல் ஒரு ஜெர்மன் கலைக்களஞ்சியத் தொகுதியில் பெரிய அத்தியாயம் எழுதினார்கள், புவான்காரே கோளத்தை விரிவாகக் கையாண்டு. ஆக, கோளம் நம் ஊரில் உருண்டுகொண்டுதான் இருந்தது.

இனி உலோகக் கோலத்துக்குத் திரும்பலாம். 2001-ல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் டெக்னியான் நிறுவனத்தைச் சேர்ந்த ஹாஸ்மன் குழுவினர், ஒளியின் அலைநீளத்தைவிட நெருக்கமான உலோகக் கோடுகளை, இடத்துக்கு இடம் திசை மாற்றி வரைந்தார்கள். வட்டமாக அதிரும் ஒளி அதன் வழியே போகும்போது, கோடு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்துப் புவான்காரே கோளத்தில் வெவ்வேறு பாதையில் சுற்றுகிறது. பாதை வேறானால் கட்டமும் வேறு. கோட்டை 10 பாகை சாய்த்தால் கட்டம் 20 பாகை நகரும். ஆழம் தேவையில்லை, தடிமன் தேவையில்லை, வேகத்தைக் குறைக்கக்கூட வேண்டாம். கோட்டைச் சாய்த்து வைத்தாலே லென்ஸுக்கு வேண்டிய தாமதம் கிடைத்துவிடுகிறது. ஃப்ரெனெல் தடிமனைச் செதுக்கி எறிந்தார் என்றால், இங்கே தடிமன் அடியோடு போய்விட்டது.

2011-ல் ஹார்வர்டில் தங்கத் துணுக்குகளை ஆங்கில ‘வி’ வடிவில் அடுக்கி ஒளியை வேண்டிய பக்கம் வளைத்தார்கள். இது பஞ்சரத்தினத்தின் வழியிலிருந்து சற்று விலகியது, ஆனால் உலகத்தின் கண் இந்தத் துறையின் மேல் விழுந்தது அதற்குப் பிறகுதான். 2016-ல் அதே பல்கலைக்கழகத்தார் கண்ணுக்குத் தெரியும் நிறங்களுக்கான தட்டையான லென்ஸ் செய்தபோது, சேதாரத்துக்குப் பயந்து உலோகத்தை விட்டுவிட்டு டைட்டானியம் டையாக்சைடுக்குப் போனார்கள். வெள்ளைப் பெயின்டில் இருக்கும் அதே பொருள். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலிலிருந்தும் டைட்டானியம் வருகிறது. 600 நானோமீட்டர் உயரத்துக்கு, தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத தூண்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே உயரம். ஒவ்வொன்றும் திரும்பி நிற்கும் கோணம் மட்டும் வேறு. அந்தக் கோணத்தைத் தீர்மானித்த கணக்கு 1956-ல் பெங்களூரில் போட்டது.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இப்போது ‘பஞ்சரத்தினம்–பெரி’ என்று முழுதாக எழுத நேரமில்லாமல் ‘பி.பி.’ என்று சுருக்கிவிடுகிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு அது வேறொன்றை நினைவூட்டும். முழுப் பெயரையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, அறிவியல் கழகம் தன் பழைய தொகுதிகளை இணையத்தில் யாரும் கட்டணமில்லாமல் படிக்கும்படி வைத்திருக்கிறது. ‘புரொசீடிங்ஸ்’, ஏ பிரிவு, தொகுதி 44, பக்கம் 247. கணிதம் புரியாவிட்டால் பரவாயில்லை, கோளத்தின் மேலுள்ள அந்த முக்கோணத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு புரட்டலாம்.